அப்பா சாப்பிடாத ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

1

இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் என் அப்பாவுக்கு மதியச் சாப்பாடு அனுப்பி வந்தவன் நான். அவர் இருப்பது தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில். நான் இருப்பது பின்லாந்தில், தம்பெரே என்கிற ஊரில். இந்தப் பெயரைச் சொன்னால் தாம்பரத்துக்காரர்கள் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்கிறார்கள். நான் என்ன செய்ய, அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் இங்கே கைப்பேசியில் தேடி, நல்ல கடையாகப் பிடித்து, பணம் கட்டினால், கொஞ்ச நேரத்தில் அங்கே வாசலில் பார்சல் வந்து நிற்கும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இப்போது இது சகஜம்தான். பிறந்தநாளுக்குக் கேக், கல்யாண நாளுக்குப் பிரியாணி என்று அனுப்புவார்கள். நான் வாராவாரம் அனுப்பினேன்.

அதில் கடைசி ஒன்றரை வருஷத்துச் சாப்பாட்டில் அப்பா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பது எனக்கு இந்தப் பிப்ரவரியில்தான் தெரிந்தது.

அதைவிட மோசம், தெரிந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம், சில வாரம் முக்கால் மணி நேரம்கூட நீண்ட பேச்சு அது. எங்களுக்கு இடையில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் திண்டாடியதைத்தான் எழுதுகிறேன்.

2

அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடியோடு நிற்பார்களே, அந்த வேலை. விழுப்புரம், திருச்சி, மதுரை, நெல்லை என்று தென்பக்கம் போகும் வண்டிகளிலேயே வாழ்க்கை போய்விட்டது. எந்த ஊரில், ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் இறங்கினால், எந்தச் சந்தில், எந்தக் கிழமை குடல் குழம்பு வைப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ரிப்பன் கட்டிய பெட்டிகளும் வாழையிலைப் பொட்டலங்களுமாக வீட்டுக்கு வருவார். "இவர் கொடி காட்டப் போறாரா, கொட்டிக்கப் போறாரா" என்று அம்மா கேட்பாள்.

எனக்கும் அந்த நாக்குதான் வந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நான் பின்லாந்துக்கு வந்தது என் தலையெழுத்து. இங்கே கம்பு ரொட்டி மாதிரி கறுப்பாக ஒரு ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, வெந்தயக்கீரை மாதிரி மணக்கும் ஒரு தழையைத் தூவிய மீன். குறை சொல்லக்கூடாது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது. நாக்குக்கும் ஒன்றும் செய்யாது.

ஆகவே நான் ஆயிரக்கணக்கான மைலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தாம்பரத்தில் நல்ல சாப்பாடு தேட ஆரம்பித்தேன். தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை வழியெல்லாம் 'செட்டிநாடு' என்று போர்டு. அரைக் கிலோ மிளகைக் கொட்டினால் செட்டிநாடு ஆகிவிடும் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மண்பானைப் படம் போட்டிருந்தால் மதுரை. அரிவாள் படம் இருந்தால் நெல்லை. எல்லாருக்கும் சமையல்காரர்கள் ஒரிசாவிலிருந்து வருகிறார்கள். அவர்கள் பாவம், சொன்னதைச் செய்கிறார்கள்.

ஆனால் வடிகட்டிக்கொண்டே போனால் உண்மையான ஆட்களும் அகப்படுவார்கள். தோல் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்து பம்மல் பக்கம் தங்கிவிட்ட ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களில் ஒருவர் வீட்டிலேயே ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரியாணி போடுகிறார். பொழிச்சலூரில் ஒரு ஈரோட்டுத் தம்பதி அரிசிம்பருப்பு சாதமும் கொள்ளு ரசமும் கொடுக்கிறார்கள். சேலையூரில் நாகர்கோவில் அம்மா ஒருத்தர் தேங்காய் அரைத்து மீன் குழம்பு வைக்கிறார். சாப்பிட்டவர்கள் எழுதியதைப் படித்துப் படித்து இவர்களைக் கண்டுபிடித்தேன். 'செம டேஸ்ட்' என்று எழுதுபவனை நான் நம்பமாட்டேன். 'கத்திரிக்காய் தொக்கில் எள் கசந்தது' என்று எழுதுபவனை நம்புவேன்.

ஒரு வேடிக்கை, தமிழ்நாட்டில் இருக்கிற அத்தனை ஊர்ச் சாப்பாடும் தாம்பரத்தில் கிடைக்கும். தாம்பரத்துச் சாப்பாடு மட்டும் கிடைக்காது. இரும்புலியூர், பீர்க்கன்கரணைப் பழைய குடும்பங்களில் வைக்கிற மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்புக்கு எந்தப் போர்டும் இல்லை. எங்கள் ஆட்கள் நிலத்தை விற்று வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். கடை போடத் தோன்றவில்லை.

சரி. சாப்பாடு போய்ச் சேரும். அப்பா சாப்பிட்டு முடித்துவிட்டு அவரே கூப்பிடுவார். எனக்கு அப்போது காலை நேரம், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பேன். அவர் ஆரம்பிப்பார். "அரிசி சீரகச் சம்பாதான்டா, ஏமாத்தல. ஆனா தம் பத்தல, அவசரப்பட்டுத் திறந்துட்டான். தொக்குல புளிப்பு முன்னால வந்துடுது, காரம் பின்னாலதான் வருது. அது நல்லது." அவர் சொல்லச் சொல்ல என் ரொட்டி இறங்கும். நான் கேள்வி கேட்பேன், அவர் பதில் சொல்வார், அங்கிருந்து எழுபதுகளின் விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போவார், அங்கே வண்டி நின்ற கதை வரும். என் பெண் அனுவுக்குப் பன்னிரண்டு வயது. அவள் எட்டிப் பார்த்து "ஹாய் தாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். தாத்தாவிடம் அவள் பேசும் தமிழ் அதோடு முடிந்தது.

3

பிப்ரவரியில் பெங்களூருக்கு அலுவலக வேலையாக ஒரு வாரம் போயிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு கெட்ட ஆசை உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் போய் நின்று, கதவைத் திறப்பவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஆசையில் ஞாயிறு காலை பஸ் ஏறினேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போதே பம்மல் பிரியாணிக்கு ஆர்டர் போட்டேன், இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்கு. அப்பா டப்பாவைத் திறக்கும்போது எதிரில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கணக்கு.

கணக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. நான் தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது சாப்பாடு கொண்டுவந்தவர் எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். அப்பா அம்மா இருப்பது மாடியில், படி இடதுபக்கம். அவர் படியேறவில்லை. நேராகக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறந்து ஒரு கை பார்சலை வாங்கிக்கொண்டது. யாருக்கு என்று இவரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

கீழ் வீட்டில் குடியிருப்பவர் தாமோதரன். ஆட்டோ ஓட்டுகிறவர். மனைவியும் பிள்ளைகளும் செய்யாறு பக்கம் ஊரில் இருக்கிறார்கள். நான் வாசலில் போய் நின்றபோது தரையில் பேப்பர் விரித்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் படத்தில் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது, பார்த்ததும் எழுந்துவிட்டார். கையில் ஒரு கத்திரிக்காய் இருந்தது.

"இன்னாண்ணா, நீங்களா" என்றார். அப்புறம் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார் ஒண்ணும் சொல்லலீங்களா உங்களாண்ட?"

நான் எதற்கோ கோபப்பட வேண்டும் என்று தோன்றி, எதற்கு என்று தெரியாமல் நின்றேன். அவரே என்னை உட்காரவைத்துச் சொன்னார். அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். காலையில் இவர் ஆட்டோவில்தான் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறார். உப்பு கூடாது, தேங்காய் கூடாது, பருப்பு கூடாது, தண்ணீரே அளந்துதான். எனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவேன் என்பதால் சொல்லக்கூடாதென்று வீட்டில் உத்தரவு. சாப்பாடு வந்தால் இவர் வாங்கிச் சாப்பிட்டு, மேலே போய் அப்பாவிடம் ருசி சொல்லவேண்டும். கேட்டுக்கொண்டு அப்பா என்னைக் கூப்பிடுவார்.

"வண்டில போகச்சொல்லயும் கேட்டுகினே இருப்பாருண்ணா. புளிப்பு எங்க வந்துச்சி, காரம் எங்க நின்னுச்சின்னு. எனக்கு இன்னா தெரியும்? துன்னா வயிறு ரொம்புச்சா, அவ்ளோதான். இவருக்கோசரம் நான் நாக்குல வச்சிகினு யோசன பண்ணி யோசன பண்ணி துன்றேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்த வெள்ளக் கொழம்பு மட்டும் வோணாம்ணா" என்றார். அது நெல்லைச் சொதி. மூன்று தடவை அனுப்பியிருந்தேன். 'தேங்காய்ப்பால் பட்டு மாதிரி இறங்குது' என்று அப்பா சொன்ன சொதி.

4

மேலே அப்பா இரண்டு இட்லியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவித்துத் தண்ணீரை வடித்த புடலங்காய். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அடுத்த நொடியே அந்த மலர்ச்சி எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் விழித்தது. கைப்பேசியில் எப்போதும் முழுக்கைச் சட்டையில்தான் வருவார். குளிர்கிறது என்பார். தாம்பரத்தில் என்ன குளிர் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது பனியனோடு இருந்தார். இடது முழங்கைக்குக் கீழே, டயாலிசிஸ் ஊசிக்காக ஆபரேஷன் செய்த இடத்தில், ரத்தக்குழாய் கயிறு மாதிரி புடைத்திருந்தது.

"தொட்டுப் பாரு" என்று என் விரலை எடுத்து அதன்மேல் வைத்தார். உள்ளே அதிர்ந்துகொண்டே இருந்தது. "வண்டி ஓடற மாதிரி இல்ல?" என்றார். பேச்சை மாற்றப் பார்க்கிறார் என்று புரிந்தது.

அம்மா முன்கூட்டியே அழுதுவிட்டாள். அவளும் அதே உப்பில்லாத இட்லியைத்தான் சாப்பிடுகிறாள். நான் அனுப்பியதை நீயாவது சாப்பிட்டிருக்கலாமே என்றதற்கு, அவர் எதிரில் வைத்துக்கொண்டு தன் தொண்டையில் எப்படி இறங்கும் என்று கேட்டாள். ஒன்றுக்கு ஒன்று சரியாக எல்லாவற்றுக்கும் அவர்களிடம் பதில் இருந்தது. என்னிடம்தான் கேள்வி கலைந்துபோயிருந்தது.

கடைசியில் கேட்டேன். நோயை மறைத்தீர்கள், சரி. சாப்பாடு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே. வயிறு சரியில்லை, வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, எதையாவது சொல்லி நிறுத்தியிருக்கலாமே.

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "முன்னால எல்லாம் நீ போன் பண்ணா என்ன பேசுவ? எப்படி இருக்கீங்க, நல்லா இருக்கேன், மாத்திரை சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். அவ்வளவுதான், வச்சுடுவ. சாப்பாடு அனுப்ப ஆரம்பிச்ச பிறகுதான்டா நீ என்கிட்ட பேசின."

அப்படி இல்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

5

பெங்களூர் வேலையை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு மேலும் ஒரு வாரம் தங்கினேன். அந்த ஒரு வாரமும் தாம்பரத்தைச் சுற்றி நான் சாப்பாடு தேடி அலைந்தது எழுத வேண்டிய கதை. இதுவரை நல்ல சாப்பாடு தேடினேன். இப்போது அப்பா சாப்பிடக்கூடிய நல்ல சாப்பாடு.

டயாலிசிஸ் செய்யும் இடத்தில் உணவு ஆலோசகர் ஒரு பெண் இருந்தார். பொறுமையாகச் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டே போக நான் மனதுக்குள் மாவட்டம் மாவட்டமாக அடித்துக்கொண்டே வந்தேன். பருப்பும் கொள்ளும் கூடாதா, கொங்குநாடு போயிற்று. தேங்காய் கூடாதா, நெல்லையும் நாகர்கோவிலும் போயிற்று. தக்காளி, புளி, கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் போயிற்று. முருங்கைக்காயில்கூட ஏதோ இருக்கிறதாம். வாழைத்தண்டு சிறுநீரகத்துக்கு நல்லதுதானே என்று என் அறிவைக் காட்டினேன். அதெல்லாம் கல் இருப்பவர்களுக்கு சார், இவருக்கு வேண்டாம் என்றார். கொஞ்சம் மீன், முட்டையின் வெள்ளைக்கரு தரலாம் என்று சொன்னார். நான் மீனைப் பிடித்துக்கொண்டேன்.

சேலையூர் நாகர்கோவில் அம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். இரண்டு வருஷமாக இவருடைய சமையலுக்கு நான் ரசிகன், அவர் முகத்தை அன்றுதான் பார்க்கிறேன். நிலைமையைச் சொல்லி, உப்பு, தேங்காய், புளி இல்லாமல் ஒரு மீன் குழம்பு வைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் என்னைக் கேலி செய்யவில்லை. வருத்தமாகப் பார்த்தார். "அப்போ அதுல என்ன இருக்கும் மக்களே?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இருந்தாலும் அவர் முயன்றார். சின்ன வெங்காயம், மிளகு, ஒரு துண்டு மாங்காய், நல்லெண்ணெய், இதை வைத்து ஏதோ செய்து, தனிப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். வழியில் மூடியைத் திறந்து விரலில் தொட்டுப் பார்த்தேன். பரவாயில்லை என்று சொல்லும்படி இருந்தது.

அப்பா ஒரு கரண்டி விட்டுக்கொண்டார். ஒரு வாய் எடுத்தார். நானும் அம்மாவும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றோம். இன்னொரு வாய் எடுப்பார் என்று பார்த்தோம். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இல்லையாப்பா?"

"நல்லா இருக்கும்டா. அந்தம்மா கை அப்படி." தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தார். அன்றைக்கு அளவு முடிந்திருந்தது. "எனக்குத்தான் தெரியல. எது போட்டாலும் வாயில காசு வச்ச மாதிரி இருக்கு. இப்பல்லாம் இட்லியும் ஒண்ணுதான், இதுவும் ஒண்ணுதான். எனக்கு ருசி போயிடுச்சுடா."

இதை அவர் அம்மாவிடமும் சொன்னதில்லை. அம்மா உள்ளே போய்விட்டாள். பத்தியம் என்றால் ஏங்கிக்கொண்டாவது இருப்பார், ஒருநாள் டாக்டரைக் கேட்டு அரை வாய் கொடுக்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏங்குவதற்கே ஒன்றும் இல்லை என்றால் நான் எந்தக் கடைக்குப் போவேன். எனக்கு அழுகையாக வந்தது, அழவும் செய்தேன். அப்பா அதைப் பார்க்காத மாதிரி மீன் முள்ளை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

6

திரும்பி வந்ததும் முதல் வேலையாக, அவர்கள் இருவரையும் இங்கே கூட்டிவந்துவிட முடியுமா என்று விசாரித்தேன். இந்த நாட்டுச் சட்டப்படி குடும்பம் என்றால் மனைவியும் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளும். அப்பா அம்மா 'பிற உறவினர்'. பிற உறவினரை அழைக்க வேண்டுமானால் அவர்கள் முழுக்க முழுக்க என்னைச் சார்ந்து வாழ்பவர்கள் என்று காட்ட வேண்டும். அப்பாவுக்கு ஓய்வூதியம் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது, கூட மனைவி இருக்கிறார். ஆகவே அவர் என்னைச் சார்ந்தவர் இல்லை. அலுவலகத்திலிருந்த பெண் இதைச் சொன்ன விதத்தில் ஒரு குறையும் கிடையாது. அவ்வளவு மரியாதையாக ஒருவரை அனாதையாக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நடுவில் என் பின்லாந்து மொழியும் தன் பங்குக்கு விளையாடியது. அப்பாவின் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று சொல்லவேண்டும். நாம் தமிழில் எல்லாவற்றுக்கும் 'வேலை செய்யலை' என்போம், மின்விசிறிக்கும் மைத்துனனுக்கும். நான் அவசரத்தில் எடுத்த சொல், வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு உரியதாம். அந்தப் பெண் தலையசைத்துவிட்டு, அவர் முன்பு என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். ரயில்வே கார்டு என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்பாவின் சிறுநீரகத்துக்கு வேலை தேடிக்கொண்டிருந்தோம். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினோம். சுற்றுலா விசாவில் வரலாம், ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காப்பீடு கிடைக்காது, டயாலிசிஸ் செலவை நாமே ஏற்கவேண்டும் என்றார். அந்தச் செலவைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று மனைவி கவிதாவிடம் கேட்டேன். போகலாம் என்றாள். அனுவைப் பார்த்தோம். அவள் தன் சிநேகிதிகளோடு பின்லாந்து மொழியில் போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அனுவிடம் தாத்தா விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "தாத்தா சாப்பிடலைன்னு எனக்குத் தெரியுமே" என்றாள். தூக்கிவாரிப் போட்டது. எப்படித் தெரியும் என்றேன். கையால் பிரியாணி சாப்பிட்டால் நகமெல்லாம் மஞ்சளாக இருக்கும், அப்பா உங்களுக்கு இருக்குமே, தாத்தாவுக்கு ரொம்ப நாளாக இருந்ததே இல்லை என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் இருவரும் அப்படி விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன் என்றாள், ஆங்கிலத்தில்.

7

திரும்பி வந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டேன். என்னப்பா சாப்பிட்டீங்க என்றேன். இட்லி, சுரைக்காய் என்றார். நீ, என்றார். ரொட்டி என்றேன். நேற்று ஊசி போட்ட இடத்தில் வலி இருக்கிறதா என்றேன். இல்லை என்றார். அங்கே குளிர் எப்படி என்றார். இருக்கிறது என்றேன். வைத்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த வாரம் நான் முன்கூட்டியே பேசுவதற்கு விஷயம் சேர்த்து வைத்திருந்தேன், ஆபீஸ் கதை, அனுவின் பள்ளிக்கூடக் கதை. மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. அவர் உம் கொட்டிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, உனக்கு வேலை இருக்கும்" என்றார். உண்மையைப் பேச ஆரம்பித்த பிறகு எங்களுக்குள் பேச்சே நின்றுபோயிற்று. பழைய கடைகளின் பெயர்களெல்லாம் கைப்பேசியில் வரிசையாகக் கிடந்தன. திறந்து பார்க்கவே கூசியது.

போன ஞாயிறு இங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதத்திலும் விடுவதாக இல்லை. நான் எழுந்து பல் தேய்ப்பதற்குள் அப்பாவே கூப்பிட்டுவிட்டார். அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது.

"ஏதாவது ஆர்டர் போடேன்" என்றார்.

"யாருக்குப்பா?"

"போடேன். பாத்துக்கலாம்."

சரி, தாமோதரனுக்கு என்று நினைத்துக்கொண்டு தேடினேன். பீர்க்கன்கரணையில் புதிதாக ஒரு மதுரைக் கடை இருந்தது. படத்தில் மண்பானை இருக்கிறதா என்று அப்பா கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் பார்க்கலாம் என்றார். கறி தோசை போடவா என்றேன். பார்சலில் வந்தால் தோல் மாதிரி ஆகிவிடும், உனக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று திட்டினார். அயிரை மீன் குழம்பு இருந்தது. அது இங்கே எப்படி வரும், ஏதோ பொடி மீனைப் போட்டு ஏமாற்றுவான், ஆனாலும் போடு, பார்க்கலாம் என்றார். திட்டு வாங்கிக்கொண்டே பணம் கட்டினேன். போனை வைக்காமலே காத்திருந்தோம்.

பார்சல் வந்தது. மேலேதான் வந்தது. அம்மா வாங்கிக்கொண்டு வந்து, கீழே பூட்டியிருக்கிறதே என்றாள். தாமோதரன் ஊர்த் திருவிழாவுக்குச் செய்யாறு போயிருக்கிறார், நேற்றே சொல்லிவிட்டுத்தான் போனாராம். அப்பாவுக்கு அது தெரியும்.

"பிரி" என்றார் அம்மாவிடம்.

அம்மா டப்பாவின் மூடியைத் திறந்து அவர் எதிரில் வைத்தாள். நீ ஒரு வாய் சாப்பிட்டுச் சொல்லேன் என்று அவளிடம் கேட்டார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அப்பா வற்புறுத்தவில்லை. போனை டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு, குழம்புக்கு மேல் குனிந்து பார்த்தார். இரண்டு கையும் மடியில் இருந்தன.

"மிளகாய அரைச்சுத்தான்டா விட்டிருக்கான், தூள் இல்ல" என்று ஆரம்பித்தார். "புளி பழசு, அதான் இவ்வளவு கறுப்பு. முதல்ல புளிப்பு வருது. அப்புறம் மீன் கொஞ்சம் கசக்குது. கசக்கணும், அயிரைன்னா கசக்கணும். காரம் நாக்குல நிக்கல, நேரா காதுக்குப் போகுது." நான் எண்ணெய் பிரிந்து வந்திருக்கிறதா என்று கேட்டேன். வந்திருக்கிறது என்றார். சோறு எப்படி என்றேன். கொஞ்சம் குழைவு என்றார். மதுரையில் ரயில்வே காலனிக்குப் பின்னால் ஒரு வீட்டில் இதே குழம்பைச் சாப்பிட்டதைச் சொன்னார், சாப்பிட்டுவிட்டு வந்தால் வண்டியே இவர் கொடிக்காகக் காத்து நின்றதாம். அவர் நெற்றியில் கொஞ்சம் வேர்த்திருந்தது. அனு என் பக்கத்தில் வந்து நின்றாள். இந்த முறை ஓடவில்லை. நான் ரொட்டியை எடுத்துக் கடித்தேன்.

பேசிக் களைத்துப்போய் அப்பா நிறுத்தினார். டப்பாவை ஒரு தரம் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். "உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மி."

சரிப்பா, அடுத்த வாரம் வேற கடை பார்க்கிறேன் என்றேன்.